தொட்டியில் பன்னீர் வாசம்

மாத்தளை
7.3.1965

அன்பு மனைவி நூருன்னிஸாவுக்கு ஸலாம்.

நீ கலேவெலைக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்து, உம்மாவின் கைச்சமையலில் தேறி வருவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். பிள்ளை பிறக்கும்வரை அங்கேயே இரு. வந்து பார்க்க ஆசைதான். ஆனால் ஸெய்னுலாப்தீன் நானா அந்த வீட்டு வாசலில் நிற்கும்வரை என் கால் எழும்பாது. உன் அண்ணன் என்னைப் பார்க்கும் பார்வை உனக்கே தெரியும்.

ஒரு கெட்ட செய்தி. உன் மீன்கள் சரியில்லை. சிவப்புத் தங்கமீன் தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடக்கிறது. மற்றவையெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் தவளையை அறுத்துக் காட்டுகிற மாஸ்டருக்கு மீனுக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று தெரியவில்லை. நீதான் அதற்கு டொக்டர். என்ன செய்வதென்று உடனே எழுது.

எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எதிர்வீட்டு றம்லா சோறு அனுப்புகிறாள்.

அன்புடன்,
பலீல்


கலேவெல
10.3.1965

அன்புள்ள அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதத்தைப் பாதி படித்ததுமே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் நமக்குப் பிள்ளை தங்காமல் போன பிறகு, நீங்கள் கொழும்பிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மீன்கள் அவை. அவற்றுக்கு ஒன்றென்றால் எனக்குச் சோறு இறங்குமா?

கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பாருங்கள். உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? மீன் கல்லில் போய் உரசுகிறதா? செட்டையின் ஓரம் கிழிந்த துணிபோல இருக்கிறதா? புள்ளி இருந்தால் சுகமில்லாததைத் தனி வாளிக்கு மாற்றி, கொஞ்சம் கல்லுப்புப் போடுங்கள். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், மறந்துவிட்டீர்களா? புதுமீன் எதையும் வாங்கி உள்ளே விட்டீர்களா? தீனியை நிறுத்துங்கள். தண்ணீரின் நிறத்தையும் எழுதுங்கள்.

இன்னொன்று. றம்லா சோறு அனுப்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். புருஷன் மவுத்தாகி விதவையாக, பிள்ளைகுட்டி இல்லாமல் தனியாக இருப்பவள், யாரிடம் கொடுத்து அனுப்புகிறாள்? அவளே கொண்டு வருகிறாளா? வாசலோடு போகிறாளா, உள்ளே வருகிறாளா? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள்
நூருன்னிஸா


மாத்தளை
14.3.1965

அன்பு நூருன்னிஸாவுக்கு,

தங்கமீன் மவுத்து. மல்லிகைத் தொட்டிக்குள் அடக்கினேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீ சொன்னபடி எல்லாம் பார்த்தேன். புள்ளி இல்லை. உரசவும் இல்லை. செட்டை நன்றாக இருக்கிறது. புதுமீன் வாங்கவில்லை. தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. கறுப்பு மோலி மீனை வாளியில் விட்டேன், ஒரே நாளில் தெளிந்து ஓடித் திரிந்தது. சுகமாகிவிட்டது என்று தொட்டியில் திரும்ப விட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் மறுபடியும் மேலே வந்து வாயைப் பிளக்கிறது.

றம்லா தானேதான் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். அன்றைக்குத் தொட்டிப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "சேர், இதென்ன, தொட்டி பன்னீர் மணக்குதே! கல்யாண ஊடு மாதிரி ஈக்கு!" என்று சிரித்தாள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நீ மனதை அலட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
பலீல்


கலேவெல
18.3.1965

பலீல் மாஸ்டர் அவர்களுக்கு,

மீனின் வருத்தம் என்னவென்று கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் வருத்தத்தையும் சேர்த்துத்தான்.

நோய் என்றால் ஒன்றில் தொடங்கி மற்றதற்குத் தொற்றும். எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்காது. வாளியில் தெளிந்தது தொட்டிக்குப் போனதும் மயங்கினால், கோளாறு மீனில் இல்லை, தண்ணீரில். கடைப் பன்னீரில் ஸ்பிரிட்டும் வாசனை எண்ணெயும் கலந்திருக்கும். மீனின் செவுள் அதைத் தாங்குமா? வெள்ளிக்கிழமை காலையில் மயங்குகிறது என்றால், ஊற்றியது வியாழன் இரவு.

என் வீட்டில், வியாழன் இரவில், பன்னீருக்கு என்ன வேலை? நமது ஆட்கள் கல்யாணத்துக்குத்தானே பன்னீர் தெளிப்பார்கள். யார் தலையில் தெளித்த பன்னீரின் மிச்சத்தை என் மீன்களுக்கு ஊற்றினீர்கள்? றம்லாவுக்கு அந்த வாசம் உடனே பிடிபட்டதாம், கல்யாண வீடும் ஞாபகம் வந்ததாம். நீங்கள் சமாளித்தீர்களாம். எதைச் சமாளித்தீர்கள்?

நானா மிளகு விற்க மாத்தளைக்கு வந்து போனார். வந்ததும் சொன்னார்: "வியாழன் மஃரிபு தொழுகைக்குப் பொறவு மச்சான் லெப்பை ஊட்டுக்குப் போறாராம். தொப்பிய கண்மட்டும் இழுத்து உட்டுக்கிட்டு, ஆள் பாக்காம போறாராம். வெள்ளித் தொழுகைக்கு மட்டும் பள்ளிவாசலுக்கு வார மனுசனுக்கு லெப்பைகிட்ட என்ன சோலி?" நிக்காஹ் எழுதி வைக்கிற லெப்பையிடம் ஒளித்துப் போகிற ஆண்பிள்ளை, இன்னொரு கல்யாணத்துக்குத்தான் போவான்.

இந்தப் பிள்ளையும் தங்காது என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்களா? தங்கவைக்கக் கூடியவளைத் தேடிக்கொண்டீர்களா? ஒன்றைச் சொல்கிறேன். உண்மை எழுதி வராவிட்டால், பிள்ளையோடும் சரி, பிள்ளை இல்லாமலும் சரி, நான் மாத்தளை பஸ்ஸில் ஏறமாட்டேன். தொட்டியை உடைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஸெய்னுலாப்தீனின் தங்கை


மாத்தளை
21.3.1965

நூரு,

இத்துடன் ஒரு போத்தல் அனுப்புகிறேன். கலேவெல பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்திருக்கிறேன், கவனமாக வாங்கு. மூடியைத் திறந்து மணந்து பார். நீ கண்டுபிடித்தது அத்தனையும் சரி. பெண்பிள்ளை மட்டும் பிழை.

போன வருஷம் மாமி, உன் உம்மா, பிள்ளை தங்க உனக்காக லெப்பையிடம் பீங்கான் கோப்பையில் ஓதி எழுதிய தண்ணீர் வாங்கி வந்தார். அந்தத் தண்ணீரை நான் பின்பக்கத்துச் சாக்கடைக் காணில் ஊற்றி, "மையைக் கரைச்சுக் குடிச்சா புள்ள தங்குமா?" என்று எல்லாருக்கும் முன்னால் சிரித்தேன். நானா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பிறகு பிள்ளை தங்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பில் எந்தப் பிள்ளை கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நீ பஸ் ஏறிப் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

லெப்பையிடம் போனேன். குங்குமப்பூவைப் பன்னீரில் குழைத்துப் பீங்கான் கோப்பையில் குர்ஆன் ஆயத்து எழுதி, அந்த எழுத்தைக் கழுவிய தண்ணீரைத் தந்தார். உனக்கு அனுப்பத்தான் ஒவ்வொரு முறையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் நானாவின் முகம் ஞாபகம் வரும். வெட்கத்தில் கை நின்றுவிடும். ஓதின தண்ணீரைக் கால்படும் இடத்தில் கொட்டக்கூடாதாம். நம் வீட்டில் கிணறும் இல்லை, மரமும் இல்லை. காணில் ஊற்ற இந்த முறை எனக்கு மனம் வரவில்லை. உன் மீன்களாவது குடிக்கட்டும் என்று தொட்டியில் ஊற்றினேன். மீனுக்கு ஆகாது என்று சத்தியமாகத் தெரியாது. போன வியாழன் வாங்கியதைத்தான் போத்தலில் அனுப்புகிறேன்.

றம்லாவின் சோற்றை நிறுத்திவிட்டேன். பாவம், ஏனென்று கேட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, நூரு. வேறு யாரிடம் சொல்ல?

பலீல்


கலேவெல
24.3.1965

என் அன்புள்ள அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போத்தல் வந்தது. முதலில் நானாதான் வாங்கினார். அவருக்கும் உங்கள்மேல் சந்தேகம் தீரவில்லை, மூடியைத் திறந்து மணந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "மாஸ்டரா? லெப்பைட வாசல்லயா நிண்டாரு?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினவர், சிரித்துச் சிரித்துத் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, "வெள்ளிக்கு வரச் சொல்லு. பஸ் நிப்பாட்டுற எடத்துல நான் நிப்பேன்" என்றார்.

நான் குடித்தேன். மீனுக்கு ஆகாதது எனக்கு ஆகும். கோப்பையைக் கீழே வைத்ததும் பிள்ளை ஓர் உதை விட்டது. தண்ணீர் குளிராக இருந்ததால் என்று நீங்கள் சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கும் வந்த நாளிலிருந்து பயம்தான். சொன்னால் சிரிப்பீர்கள் என்று நினைத்து, மீனைப் பற்றி மட்டும் எழுதினேன்.

றம்லாவிடம் மறுபடியும் சோறு கேளுங்கள். நான் என்ன நினைத்தேன் என்பது மட்டும் அவள் காதில் விழக்கூடாது. விழுந்தால் அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்?

மிஞ்சின மீன்களை உடனே வாளிக்கு மாற்றுங்கள். தொட்டியைச் சவர்க்காரம் போடாமல், வெறும் தண்ணீரால் கழுவுங்கள். மணலையும் அலசுங்கள், வாசம் அதில்தான் தங்கும். ஓர் இரவு வைத்த தண்ணீர் ஊற்றி, முதலில் மோலியை மட்டும் விட்டுப் பாருங்கள். அது அடியில் போய் மேயத் தொடங்கினால் மற்றவற்றையும் விடலாம்.

இந்த வியாழனும் லெப்பையிடம் போங்கள். தொப்பியைக் கண்மட்டும் இழுக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் தொட்டிக்குப் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உங்கள் மடியில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

உங்கள்
நூரு