களைப்பு என்று எழுதியவள்

மார்ச் 4

தங்கைக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

எங்கள் மருத்துவமனைக்குப் பயிற்சி கொடுக்க நீ வருகிறாய் என்றதும் பெருமைப்பட்டவன் நான்தான். "உள்ளங்கால் தரையில படுதான்னு பாருங்க, மூணு மூச்சு நில்லுங்க, அப்புறம் நோயாளி மேல கை வைங்க" என்றாய். இருபது வருடமாக பிசியோதெரபி செய்கிறவனுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தாய். பொறுத்தேன். பிறகு ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருவரைப் பாயில் படுக்கவைத்து நோயாளியாக்கினாய். என் முதுகுக்கடியில் கை வைத்தவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத அந்தக் கட்டுப்போடும் நர்ஸ். கையை அசைக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ பார்க்காததுபோல் போயிருக்கலாம். எல்லோரையும் கூப்பிட்டு, "பாருங்க, வருஷக்கணக்கா சேர்ந்த களைப்பு இப்படித்தான் வெளிய வரும்" என்றாய். இப்போது லிஃப்ட்காரர்கூட, "என்ன சார், கைக்குட்டை இருக்கா?" என்கிறார். போதாததற்கு, உன் அறிக்கையைப் படித்துவிட்டு, மூன்று மாதம் நோயாளிகளைத் தொடக்கூடாது என்று என்னை டோக்கன் மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அப்பா படுக்கையில் கிடந்தபோது இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டவன் நான். நீ அப்போது வெளிநாட்டில் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாய்.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அப்பா விஷயத்தில் எனக்குப் பேச வாயில்லை. அன்று கூட்டத்தைக் கூப்பிட்டதும் தப்புதான். பாடம் நன்றாகப் போகிற மிதப்பில் நீங்கள் என் அண்ணன் என்பதே மறந்துவிட்டது.

ஆனால் அறிக்கைக்குக் காரணம் வேறு. வலது தோள் இறுகிப்போய் உங்களிடம் வந்த டீச்சரம்மா புகார் கொடுத்திருக்கிறார். நீங்கள் அழுத்தியதில் தசைநார் கிழிந்துவிட்டதாம். உங்களை வேலையை விட்டே நீக்கப் பார்த்தார்கள். "களைச்சுப்போயிருக்கார் சார், ஓய்வு கொடுங்க, சரியாயிடுவார்" என்று மேலதிகாரியிடம் கெஞ்சித்தான் மூன்று மாதமாக்கினேன். உங்கள் மனசு உடைந்துவிடுமே என்று மறைத்தேன். கோபம் ஆறியதும் அடுத்த வகுப்புக்கு வாருங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 15

தங்கைக்கு,

புகார் எனக்குத் தெரியாது. டீச்சரம்மாவைத் தெரியும். "வேணாம் சார், விட்டுடுங்க" என்று இரண்டு முறை சொன்னார். எனக்குக் கேட்டது. அதற்குச் சற்று முன்னால், எனக்கு முன்னால் தோளைப் பார்த்த டாக்டர் இன்னும் நன்றாகச் செய்வார் என்று சொல்லியிருந்தார். அந்த ஆத்திரத்தில்தான் அழுத்தினேன்.

உன் வகுப்பில் பாயில் படுத்திருந்தபோது டீச்சரம்மாவின் அந்தக் குரல்தான் காதில் வந்தது. சிடுமூஞ்சி என்று நாங்கள் ஒதுக்கிய ஒருத்தியின் கைக்கு இருந்த பொறுமை என் கைக்கு இல்லையே என்று அழுதேன். அதற்கு நீ களைப்பு என்று பெயர் வைத்தாய். ஆறு பக்கத்தில் அறிக்கை எழுதினாய். ஏன் அழுதாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று டீச்சரம்மா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். "தெரிஞ்சுதான் செஞ்சீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று சொல்லி, இடது கையால் கதவைச் சாத்திக்கொண்டார்.

அறிக்கையைத் திருத்து. வேலை போனால் போகட்டும். நீ திருத்தாவிட்டால் திங்கட்கிழமை நானே போய்ச் சொல்வேன். என்னைக் காப்பாற்ற நீ களைப்பு என்று எழுதியதும் சேர்ந்தே வெளியே வரும். எனக்காகத்தானே செய்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். கோபம் குறையவில்லை.

அன்புள்ள அண்ணன் என்று போடக் கை வரவில்லை. வேறு எப்படிப் போடுவதென்றும் தெரியவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.