பெட்டி மெதுவாகப் போனதற்குக் காரணம்

வியாழக்கிழமை

அன்புள்ள மகன் செங்குட்டுவனுக்கு அம்மா ராசம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் தோகாவில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க நம்மூர் மாரியம்மன் துணை இருக்கட்டும். உடம்பளவில் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு, மேலே படித்தால் தெரியும்.

ஆற்றில் தண்ணீர் வந்து நம் வாய்க்காலுக்கும் எட்டிவிட்டது. நாற்றங்கால் பச்சை பிடித்திருக்கிறது, ஆள் கிடைத்தால் தீபாவளி கழித்து நடவு. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வயலில் இறங்க வேண்டாம் என்று மன்னார்குடி டாக்டர் சொன்னதற்கு நன்றாகத் தலையாட்டிவிட்டு மறுநாளே மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார். திருவையாற்றில் உன் தங்கை செவ்வந்தியின் குழந்தை நாலடி நடக்கிறதாம், ஐந்தாவது அடியில் உட்கார்ந்துகொள்கிறதாம்.

நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அது மெதுவாகப் போகிறது என்று பொங்கலுக்குப் பிறகு உன்னிடம் எத்தனை தடவை போனில் சொல்லியிருப்பேன். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் அரிசி களைந்து உலையில் போட்டு வந்தாலும் திரை விழித்திருக்காது. எரிவாயுக் கம்பெனி நம் வயல்களில் கிணறு தோண்டிக் குழாய் பதிக்கப் போகிறது என்று தெரிந்து ஊரே கூடிக் குழு அமைத்ததும், வீட்டுக்கு ஓர் ஆட்சேபனை மனு என்று முடிவானதும், நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் என்று அந்த வேலை என்னிடம் வந்ததும் உனக்குத் தெரியும். அறுபத்திரண்டு மனு, ஒவ்வொன்றோடும் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் ஸ்கேன் செய்து சேர்க்க வேண்டும். ஒரு மனுவுக்கு அரை நாள் போயிற்று. உன்னைக் கேட்டால், பழைய பெட்டி அப்படித்தான் இருக்கும், இதையெல்லாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறாய், விட்டுவிடு என்றாய். பிள்ளைக்கு என் மேல் எவ்வளவு கரிசனம் என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வாயில் மண்ணைப் போட்ட மாதிரி இருக்கிறது.

போன மாதம் தஞ்சாவூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே கம்பெனி ஆட்கள் நம்மூருக்கு வந்து மூன்று வீடுகளில் மட்டும் கதவைத் தட்டினார்கள். மூன்றும் செத்துப்போன அப்பா, தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் வீடுகள். உங்கள் மனு செல்லாது, பேசாமல் சம்மதம் கொடுங்கள் என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார்கள். கூட்டத்திலும் நாங்கள் மனுவை நீட்டுவதற்கு முன்பே கம்பெனி அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு வாசித்தார். ரெத்தினத்தின் மனுவுக்குப் பதில் சொல்லும்போது சர்வே எண் 114/3 என்றார். என் வயல் 141/3 என்று ரெத்தினம் எழுந்து கத்தினார். அந்தச் சத்தத்தில் அதை யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

யார் காட்டிக்கொடுத்தது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. மனுக்கட்டை வாங்கிக்கொண்டுபோய் ஜெராக்ஸ் எடுத்து, தன் வீட்டில் பத்து நாள் வைத்திருந்து வண்டியில் தஞ்சாவூருக்குக் கொண்டு வந்தவர் நீலமேகம். அதனால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அப்பா வயலில் மயங்கி விழுந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனுஷன் அவர், நீ மாமா மாமா என்று சுற்றி வந்தவர். அவரைக் குழுவை விட்டு நீக்கினார்கள். "பேப்பரு அவருகிட்டதானே இருந்துச்சு" என்று சொன்னது யார் தெரியுமா, நான்தான். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவர் மனைவி இப்போது நான் நிற்கும் குழாயடிக்கு வருவதில்லை.

அடுத்த மனு கோர்ட்டுக்குப் போக வேண்டும், பெட்டி இப்படிப் படுத்துகிறதே என்று மன்னார்குடியிலிருந்து லியாகத் அலியை வரச்சொன்னேன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், தங்கமான மனுஷன். பெட்டியைத் திறந்ததும் சிரித்தார். நெல் காயப்போடும் அறையில் வைத்திருந்தேன் அல்லவா, ஃபேன் முழுக்க உமித் தூசு. அதோடு ஆயுத பூசைக்கு நான் பெட்டிக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசுவேனே, அது காற்று போகும் ஓட்டைகளையெல்லாம் அடைத்துக்கொண்டு சிமெண்டாகக் காய்ந்துகிடந்தது. சூடு வெளியே போகாவிட்டால் மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். இடமே இல்லாமல் செவ்வந்தி கல்யாண வீடியோ ஒரே மாதிரி நாலு தடவை ஏற்றியிருக்கிறது, வைரஸைப் பிடிக்கும் புரோகிராம் இரண்டு இருந்து ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறது, சுவிட்சைப் போட்டதும் கூப்பிடாமலே இருபது புரோகிராம் எழுந்து வருகிறது என்றார். எல்லாவற்றையும் சுத்தம் செய்து, மெமரி புதிதாக ஒன்று சொருகிவிட்டுப் போனார். பெட்டி குதிரையாக ஓடியது. எல்லாத் தப்பும் என்னுடையதுதான் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான். கோர்ட்டு மனுவை ஸ்கேன் செய்து சேவ் கொடுத்ததும் மறுபடி திணறியது, நான் இணையத்தில் எதையும் பார்க்காதபோதே மோடத்தின் விளக்கு படபடவென்று மின்னியது. முந்தாநாள் லியாகத் அலி திரும்பி வந்து, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியலைத் திறந்தார். மேலேயே நான் கேள்விப்படாத ஒரு புரோகிராமின் பெயர் நின்றது. அவர் அதைத் திறந்து பார்த்தார். "நீங்க சேவ் பண்றப்பல்லாம் ஒரு காப்பி வெளிய போவுதும்மா. போற மெயிலு ஒங்க மகன் பேருல இருக்கு" என்றார்.

பொங்கலுக்கு வந்தபோது அரை நாள் அதன் முன் உட்கார்ந்திருந்தாயே, பெட்டியை வேகப்படுத்துகிறேன் என்று. பாதுகாப்புக்காக வைத்தேன் என்று நீ சொல்வாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் கல்யாண வீடியோ போகவில்லை, அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு போகவில்லை, பொங்கலுக்கு முன்பே ஆட்சேபனை மனு என்று நான் பெயர் வைத்த ஃபோல்டர் ஒன்றுதான் போயிருக்கிறது. அப்புறம் ரெத்தினத்தின் மனுவைத் திறந்து பார்த்தேன். 114/3 என்று டைப் அடித்தது நான், கை தவறிவிட்டது. பிரிண்ட் எடுத்த பிறகு கண்ணில் பட்டு, பேனாவால் 141/3 என்று திருத்தித்தான் நீலமேகத்திடம் கொடுத்தேன். அவர் கைக்குப் போன காகிதத்தில் சரியான எண்தான் இருந்தது. தப்பான எண் இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது, இங்கிருந்து உன்னிடம் வந்தது, உன்னிடமிருந்து அந்த அதிகாரி வாய்க்குப் போனது. உன் கம்பெனிதான் இவர்களுக்குக் குழாய் போடுகிறது என்று கேள்விப்பட்டுக் கேட்டேன், அது வேறு செக்‌ஷன் என்றாய். நம்பினேன்.

என்ன கொடுத்தார்கள், பதவியா, ஊர்ப்பக்கம் மாற்றலா, எனக்குத் தெரிய வேண்டாம். என் அப்பா பண்ணையில் அடி வாங்கி, வழக்காடி, அந்த மூன்று மா நிலத்தைக் குத்தகைப் பதிவு செய்து வாங்கினார். அதில் விளைந்ததைச் சாப்பிட்டு நீ படித்தாய். அதைக்கூட மன்னிப்பேனோ என்னவோ. என்னை என் கையாலேயே ஊரைக் காட்டிக்கொடுக்க வைத்தாய், ஒரு நல்ல மனுஷன் மேல் பழி போட வைத்தாய், அதை என்னால் விழுங்க முடியவில்லை. அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். கழகத்து மேடையில் கேட்டு ஆசை ஆசையாக உனக்கு அந்தப் பெயரை வைத்தவர், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார், இருட்டும் வரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் குழுக் கூட்டம். நான் எழுந்து, காகிதம் போனது நீலமேகம் வீட்டிலிருந்து அல்ல, என் வீட்டிலிருந்து என்று சொல்லி, உன் பெயரையும் சொல்லப்போகிறேன். அதற்கு முன் நீயே அவருக்குப் போன் செய்து சொன்னால் எனக்கு ஒரு பிள்ளை மிச்சம் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். செய்யாவிட்டாலும் நான் சொல்வேன்.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், பெற்ற வயிறு வேறு என்ன கேட்கும். வெயிலில் வெறும் தலையோடு நிற்காதே.

ஒன்று மறந்துவிட்டேன். அந்தப் புரோகிராமை அழித்துவிடட்டுமா என்று லியாகத் அலி கேட்டார், வேண்டாம், திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். தபாலில் போட்டால் பத்து நாள் ஆகும். உடம்பு எப்படி இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் மூன்று நாள் கழித்து ஒரு கட்டைவிரல் அனுப்புகிறாய். ஆட்சேபனை மனு ஃபோல்டரில் வைப்பதுதான் உனக்கு அன்றைக்கே வந்து சேருகிறது. அதனால் இந்தக் கடிதத்தை டைப் அடித்து, அறுபத்திரண்டு மனுவுக்கும் கோர்ட்டு மனுவுக்கும் பிறகு அறுபத்து நான்காவதாக அதில் சேவ் செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மு. ராசம்மாள்