கொடியில் கிடந்த புடவை

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். மேற்கே இடி மட்டும், மழை இல்லை. பேக்டரியில் சனி முதல் திங்கள் வரை லீவு கிடைத்துவிட்டது.

எடுத்து வைக்க: ஆயாவின் பிரஷர் மாத்திரை, வெற்றிலைப் பை (மறந்தால் கொலை விழும்), அம்மாவுக்கு மாற்றுப் புடவை, துண்டு 2, சார்ஜர், புளிச்சோறு.

சனி, ஞாயிறு சென்னை. அம்மா, ஆயா (நைனாவைப் பெற்றவள்), நான். ஆம்பளை யாரும் இல்லை. தங்குவது சைதாப்பேட்டையில், என்னோடு வேலை செய்கிற கஸ்தூரி வீட்டில்.

அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. உத்திரமேரூரிலிருந்து சென்னைக்கு நாள் முழுக்க பஸ் ஓடுகிறது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை. காரணம் எங்கள் செவலை. அம்மாவைத் தவிர யாருக்கும் பால் விடாது அந்த மாடு. அதனால் காலைக் கறவை முடிந்து போனால் சாயந்திரக் கறவைக்குள் அம்மா திரும்பிவிட வேண்டும். போதாததற்கு, நைனாவுக்குச் சோறு போட ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டுமாம். கல்யாணம் என்றால் முதல் நாள் ரிசப்ஷனுக்கு ஆயா, மறுநாள் முகூர்த்தத்துக்கு அம்மா. பழையசீவரம் பார்வேட்டைத் திருவிழாவுக்கு ஒரு வருஷம் மாமியார், மறுவருஷம் மருமகள். இருவரும் சேர்ந்து ஒரு பஸ்ஸில் ஏறியதே இல்லை. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

கடலைக் காட்டாமல் அம்மாவைத் திருப்பி அழைத்துவர மாட்டேன். எழுதி வைத்தாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

காலையில் தூறல், உடனே வெயில்.

ஒரு வாரமாக அம்மா நைனாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், என் பக்கத்தில் உட்கார்ந்து கறந்து பழகு என்று. மனுஷர் ஒரு நாள்கூட வரவில்லை. இன்றும் அதே பேச்சு.

"ஒரு மாட்ட கறக்கத் தெரியாதா எனக்கு? சொம்மா தொணதொணன்னாத."

அப்புறம் என்னைப் பார்த்து: "ரெண்டு பேரையும் ஒண்ணா இட்டுக்கினு போயி இன்னா பண்ணப் போற? நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"நைனா பட்டினின்னு பேசுவாங்க" என்றேன். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். போகட்டும்.

ஆயா நான் நினைத்தது போல் தயங்கவில்லை. போன வாரமே பக்கத்துத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், ரயிலு ஆகாசத்துல ஓடுதாம், பாக்கப் போறேன் என்று.

ஜூலை 12, சனி

கா. 6.10 பஸ். அம்மா கறந்து, பாலை சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஓடி வந்து ஏறினாள். கையில் இன்னும் சாணி வாசனை. கிளாம்பாக்கத்தில் இறங்கும் வரை வாயே திறக்கவில்லை. ஆயா வாய் மூடவில்லை.

டவுன் பஸ் மாறி மெட்ரோ. ஸ்டேஷனில் நகரும் படி. ஆயா பார்த்தாள், நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம். ஒருத்தர் சலித்துக்கொண்டார், வயசானவங்கள ஏன்மா இட்டுக்கினு வர்றீங்க என்று. ஆயா திரும்பினாள்.

"ஏன், நான் டிக்கெட் வாங்கலியா? அவசரம்னா நீ பறந்து போ."

அப்புறம் என் கையையும் அம்மா கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். மேலே போனதும் இன்னொரு தடவை என்றாள். மூன்று தடவை ஏறி இறங்கினோம்.

எழும்பூர் மியூசியம். திமிங்கலத்தின் எலும்புக்கூடு. ஆயா: "இத்த கொயம்பு வச்சா எத்தினி ஊரு துன்னும்?" அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இப்படியெல்லாம் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கடலை நாளைக் காலைக்கு வைத்திருந்தேன். தப்பு. முதலில் கடலுக்கே போயிருக்க வேண்டும். கஸ்தூரி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம், மணி ஐந்தரை, அம்மா போனுக்கு நைனா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிட்டவே வுட மாட்டேங்குது மல்லிகா. எட்டி ஒதைக்குது. பக்கெட்டு போச்சு. இப்பவே கெளம்பி வா."

அம்மா டம்ளரை வைத்துவிட்டு, "கடைசி பஸ் எத்தினி மணிக்கு?" என்று என்னைக் கேட்டாள். முகம் பழையபடி ஆகிவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கன்றை வேறு விற்றாயிற்று, கறக்காமல் விட்டால் மடி வீங்கும், அதுவும் தெரியும்.

ஆயா போனைப் பிடுங்கினாள்.

"டேய். அவ கறக்கறப்போ கட்டற பயய பொடவ கொடில கெடக்குது. அத்த சுத்திக்கினு போயி ஒக்காரு. வாசன கண்டா வுடும்."

"இன்னாம்மா பேசற? நான் பொடவ கட்றதா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். நாங்க இங்க காலைல இருந்து சிரிச்சிக்கினு தான் கீறோம்."

போனை அம்மாவிடம் நீட்டினாள். நைனா இன்னும் கத்திக்கொண்டிருந்தார். அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நான் கடலப் பாத்துட்டு தான் வருவேன்" என்றாள். வைத்தாள். பக்கவாட்டுப் பட்டனை அமுக்கி போனையே அணைத்தாள். என் போனுக்கும் கையை நீட்டினாள், அதையும் அணைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மெரினா, கா. 6. மேகம், நல்ல காற்று.

மணலிலேயே நடந்து நடந்து ஆயா ஒரு பாடு திட்டித் தீர்த்தாள். தண்ணீர் தெரிந்ததும் அம்மா செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நேராக நடந்தாள். முழங்கால் வரை. அலை அடித்துப் புடவை நனைந்தது, தூக்கிச் செருகிக்கொள்ளவில்லை. வெகு நேரம் நின்றாள்.

பக்கத்தில் போனேன். "இந்நேரம் கறந்துகினு இருப்பேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"போலாமா?"

"இரு. இன்னும் பாக்கல நானு."

எனக்கும் செவலையை நினைத்தால் பயம்தான்.

மீதி: சுண்டல், குதிரை மேல் ஆயா போட்டோ (இறங்க மாட்டேன் என்று அடம்), பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை.

இரவு ஏழேகாலுக்கு ஊர். தெருமுனையில் எதிர்வீட்டு சம்பூர்ணம் அத்தை அம்மாவைப் பார்த்து விழித்தாள்.

"இன்னா மல்லிகா, இப்ப தான் வர்றியா? நேத்து சாயங்காலமும் இன்னிக்குக் காலைலயும் மாட்டாண்ட ஒக்காந்துக்கினு இருந்தியே! முக்காடு போட்டுக்கினு. கூப்ட்டேன், திரும்பக்கூட இல்ல!"

ஆயா நடுத்தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் நாய்கள் எழுந்துவிட்டன.

நைனா வாசலில். முழங்காலில் மஞ்சள் பற்று. அம்மா நேராகக் கொட்டகைக்குப் போய் செவலையின் மடியைத் தடவிப் பார்த்தாள். இறுக்கம் இல்லை, வீக்கம் இல்லை. சுத்தமாகக் கறந்திருந்தது. புடவை துவைத்துக் கொடியில் கிடந்தது, ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டு.

ஜூலை 14, திங்கள்

இரவு மழை, விடிந்ததும் விட்டது. எனக்கு லீவு.

கா. 5. செவலை கத்தியது. அம்மா எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. நைனா கதவோரம் வந்து நின்றார்.

"மல்லிகா, மாடு கத்துது."

அம்மா புரண்டு படுத்தாள்.

"பொடவய உள்ள கொடில போட்டுக் கீறேன். காஞ்சிருக்கும், எடுத்துக்க."