ஆடாத சேஸிஸ்

ஞாயிறு, இரவு.

தடத்தில் கரண்டில் ஓடும் பொம்மை ரேஸ் காரான ஸ்லாட் காருக்கு, பித்தளையில் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, இன்று முடித்தேன். உள்ளங்கை அளவுதான். தகடும் கம்பியும் நானே அறுத்து, ராவி, ஈயம் உருக்கி சால்டர் வைத்தது. சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி மேல் வைத்து, ஒரு மூலையை விரலால் அழுத்தினேன். டகடகவென்று ஆடியது. சூட்டில் முறுக்கிக்கொண்டது என்று நினைத்து, ஒரு ஜாயின்ட்டை உருக்கித் திரும்ப வைத்தேன். அதே சத்தம். எரிச்சலில் கத்திவிட்டேன்.

என் மனைவி ஷபானா அடுப்படியிலிருந்து வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கைய எடுங்க."

எடுத்தேன். சத்தம் நின்றது. நான்கு மூலையையும் அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். துளி அசைவில்லை.

"இது நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க கைதான் நடுங்குது. எத்தன நாளா?"

"டீ குடிக்கல, அதான்."

அவள் நம்பவில்லை. கம்பெனியில் போன வாரம் நான் கிரைண்டிங் செய்த பீஸ் ரிஜெக்ட் ஆனபோது, கிரைண்டிங் கல்லைத்தான் நான் குறை சொன்னேன்.

"பெங்களூருக்கே போயி பெரிய டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்கிறாள். காட்டினால் இந்த நடுக்கத்துக்கு ஒரு நோயின் பெயரை வைத்துவிடுவார்கள்.

மோட்டாருக்கு ஒயர் வைப்பதுதான் பாக்கி. "நீங்க சொல்லுங்க, நான் வெக்கிறேன்" என்றாள். வைப்பாள். நாளை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். கிரைண்டிங் மெஷினை யார் கையால் ஓட்டுவேன்?