வாடைக்காற்றுப் பக்கம்

ஆல்ட்பி,
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லோர்னாவுக்கு உன் அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, அது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. நீயும் மாப்பிள்ளை மார்ட்டினும் பிப்பும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், பிப்புக்குக் காதை மூடித் தொப்பி போடு, உன்னைப் போலவே அவனுக்கும் காதில்தான் முதலில் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் திரையில் பார்த்துக்கொள்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அந்தத் திரையில் உன் முகம் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுகிறது, பிப் ஓடிவந்து விழுந்த பல்லைக் காட்டுகிறான், பாதி நேரம் கேக்குதாம்மா கேக்குதாம்மா என்பதிலேயே போய்விடுகிறது, கடைசியில் எல்லாம் நல்லா இருக்கு கண்ணு என்று சொல்லி வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாகிவிடுகிறது. டீயைப் போட்டு ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் கையால் எழுதுகிறேன், பிப் தூங்கின பிறகு நிதானமாகப் படி.

முதலில் ஊர்ச் செய்தி. பாலத்து முனையில் இருந்த மீன் வறுவல் கடை கைமாறிவிட்டது, புதிதாக வந்தவர்கள் மாட்டுக் கொழுப்பை விட்டுவிட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள், அதில் ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. மெதடிஸ்ட் தேவாலயத்துக் கூரை மறுபடி ஒழுகுகிறது, பாட்டுக் குழுவில் ஆண் குரல்கள் எல்லாம் இப்போது வாளிக்கு அந்தப் பக்கம் நின்று பாடுகின்றன. பெரிய செய்தி என்னவென்றால் கடற்கரை நிழற்குடையைப் போன சனிக்கிழமை திறந்துவிட்டார்கள். நீ சின்னவளாக இருக்கும்போது ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டு ஊரைக் கூட்டி அழுதாயே, அதே நிழற்குடைதான். இரும்புத் தூணில் மீன் வேலைப்பாடு, நான்கு பக்கமும் பெஞ்சு, நடுவில் கூட்டல் குறி போல மரத்தடுப்பு, தடுப்பின் மேல்பாதி கண்ணாடி. நம் பாரம்பரியச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர் என்பது உனக்குத் தெரியும், அதைப் பழுதுபார்க்கச் சொல்லி மனு எழுதியதும் வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியதும் நான். துருப்பிடித்த தூண், உடைந்த கண்ணாடி, ஊருக்கே அவமானம் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தேன். தலைவர் ஸ்க்ரிவன் பஸ் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் எல்லாரையும் டிக்கெட் இல்லாதவர்கள் போலத்தான் பார்ப்பார். பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்து முதலில் அடித்தது பச்சைதான் என்று அவர் சொல்ல, இல்லை பழுப்பு என்று மற்றவர்கள் சொல்ல, குளிர்காலக் கூட்டம் முழுக்க அதிலேயே கழிந்தது. "பச்சைன்னா பச்சைதான். எங்க பஸ்ஸு நிறம் எனக்குத் தெரியாதா?" என்றார். பஸ்ஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பச்சையே அடித்தாயிற்று.

இனி நான் சொல்ல வந்த விஷயம். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. உன் அப்பா போன பிறகு காலையில் கடற்கரையில் நடந்துவிட்டு அந்த நிழற்குடையில் உட்காருவேன். ஒரு நாள் போனபோது நான் வழக்கமாக உட்காரும் தெற்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் போய் இடித்துக்கொண்டு உட்காருவது நம் வழக்கமா சொல், நான் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போய் உட்கார்ந்தேன். வாடைக்காற்று கண்ணில் நீர் வர அடித்தது. தடுப்பில் ஒரு கண்ணாடி பெயர்ந்துபோயிருந்தது, அந்த ஓட்டை வழியாகக் குரல் வந்தது, "ஏம்மா, இங்க எடம் இருக்கு, இந்தப் பக்கம் காத்தே இல்ல." பரவாயில்லை, எனக்குக் காற்று பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்னதை எப்படி மாற்றுவது? அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசினோம் லோர்னா. அவர் பட்டாணி டப்பாவில் அடைக்கிற ஆலையில் வேலை பார்த்தவர், பட்டாணியை வாழ்நாளில் இனிமேல் தொட மாட்டேன் என்பார். கடற்புறா ஒன்று தன்னை மட்டும் குறிவைத்துத் துரத்துகிறது என்று சாதிப்பார், "மூஞ்சிய மறக்காதும்மா அது, தொப்பிய மாத்தினாலும் கண்டுபிடிச்சிருது." டிவியில் வானிலை சொல்கிறவனைத் தன் சொந்த மருமகனைப் போலத் திட்டுவார். இறந்துபோன அவர் மனைவி பெயர் மோரீன், ரொட்டி வெட்டும்போது பாடுவாளாம். உன் அப்பாவைப் பற்றியும் அவருக்கு எல்லாம் தெரியும், உன்னைப் பற்றியும் தெரியும். ஆனால் அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஒரு மாதம் பேசிவிட்டு, ஆமாம் உங்கள் பெயர் என்ன என்று கேட்டால் இத்தனை நாள் யாரென்று தெரியாமலா பேசினாய் என்று ஆகிவிடாதா. அவருக்கும் அதே கூச்சம் இருந்திருக்க வேண்டும்.

நிதி கிடைத்துவிட்டது, நிழற்குடையை வேலி போட்டு அடைக்கப் போகிறார்கள் என்ற சேதியை நான்தான் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சாண்ட்விச் காகிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்போ இந்தக் குளிரு முழுக்க எங்க உக்கார்றது?" என்றார். ஈஸ்டருக்குள் முடித்துவிடுவார்கள், சில மாதம்தானே என்றேன். வீட்டுக்கு வாருங்கள், டீ குடிக்கலாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, அவர் தவறாக நினைத்துக்கொள்வாரோ என்று விழுங்கிவிட்டேன். மறுவாரம் வேலி வந்துவிட்டது. அதற்கப்புறம் அவரைக் காணவில்லை. தினமும் அந்த நேரத்துக்கு வேலி ஓரமாக நடந்தேன். மற்ற பெஞ்சுகளில் பார்த்தேன், நூலகத்தில் பேப்பர் படிக்கிற இடத்தில் பார்த்தேன். அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை, பழுப்புத் தொப்பியும் ஒரு தோளும்தான் தெரியும், இந்த ஊரில் பழுப்புத் தொப்பி இல்லாத கிழவர் யார்? கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மோரீன் என்ற பெயரைத் தேடினேன், பெயர் கிடைத்தால் கூடவே குடும்பப் பெயரும் கிடைக்குமே என்று. ஒரு மோரீன் போரிலேயே செத்தவள், இன்னொருத்தி எப்போதோ செத்த புருஷனோடு சேர்ந்தே படுத்திருக்கிறாள். மழையில் நனைந்து ஒரு வாரம் இருமினேன், அதைத்தான் உன்னிடம் லேசான ஜலதோஷம் என்று சொன்னேன். ஈஸ்டர் என்றது தள்ளித் தள்ளி ஜூன் ஆகிவிட்டது. இருக்கிறாரோ இல்லையோ என்று கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லை, கேட்டால் யாரைப் பற்றி என்று கேட்பார்கள் அல்லவா.

சனிக்கிழமை திறப்பு விழாவுக்கு என் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மேயர் பதவிச் சங்கிலியை மாட்டிக்கொண்டு வந்து ரிப்பன் வெட்டினார், பித்தளை வாத்தியக் குழு வாசித்தது, மழை பக்கவாட்டில் அடித்தது, ஸ்க்ரிவன் பச்சை நிறத்தின் வரலாற்றைத் தொடங்கி முடிக்காமலே இருந்தார். கூட்டமெல்லாம் காற்று இல்லாத பக்கம் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பழுப்புத் தொப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பேச்சைக் கேட்டுப் பார்த்தேன், எந்தக் குரலும் அவர் குரல் இல்லை. சரி, என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவோம் என்று வடக்குப் பக்கம் போனால் அங்கே மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் தனியாக நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள், உன் வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து, "இந்தப் பக்கம் வழக்கமா ஒரு அம்மா உக்காருவாங்களாம், எவ்வளவு காத்தடிச்சாலும் இங்கதான் உக்காருவாங்களாம். உங்களுக்குத் தெரியுமா அவங்கள?" என்று கேட்டாள். நான்தானம்மா அது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நீங்க நெசமாவே இருக்கீங்களா?" என்றாள்.

அவள் பெயர் ஜில்லியன், அவருடைய மகள். வேலி போட்ட பிறகு அவர் வெளியே போவதையே விட்டுவிட்டாராம், நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாராம், சரியாகச் சாப்பிடவும் இல்லையாம். கிறிஸ்துமஸுக்கு வந்த மகள் பயந்துபோய்த் தன்னோடு கவென்ட்ரிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். வரமாட்டேன், இங்கே எனக்குச் சிநேகிதம் இருக்கிறது என்றாராம். யாருப்பா என்றதற்கு ஒரு அம்மா என்றாராம். பேரு என்ன என்றதற்குத் தெரியாது, வீடு எங்கே என்றதற்குத் தெரியாது, பார்க்க எப்படி இருப்பாங்க என்றதற்கு, "பாத்ததில்ல, முதுகுப் பக்கம் உக்காந்திருப்பாங்க" என்றாராம். அவள் சொல்லும்போதே அழுதாள். "ஊர விட்டு வராம இருக்கறதுக்குக் கதை கட்டறாருன்னு நெனச்சேன். இல்லாட்டி மனசு கலங்கிப்போச்சோன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்." பிப்ரவரியில் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். இப்போது கவென்ட்ரியில் இருக்கிறார், அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராது. திறப்பு விழா செய்தியைக் கேள்விப்பட்டு, நீ போய் வடக்குப் பக்கம் உட்கார், அந்த அம்மா வருவார்கள் என்று நச்சரித்து அனுப்பியிருக்கிறார். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை கண்ணு. அவள் செய்தது பாசத்தில் செய்தது. அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகமே வந்தது. ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று நான்தான் வீடுவீடாக, தெருத்தெருவாக அலைந்து அந்த மனிதர் உட்கார்ந்த இடத்தைப் பிடுங்கினேன். ஸ்க்ரிவன் வந்து, "மியூரியல், கண்ணாடியப் பாத்தீங்களா? ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது!" என்று தட்டிக்காட்டினார். ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், டீக்குக்கூட நிற்கவில்லை.

ஞாயிறு மாலை ஜில்லியன் கொடுத்த நம்பருக்கு போன் செய்தேன். அவர் பெயர் ரெஜ் ஹெப்டன். பெயரைச் சொல்லிக்கொண்ட பிறகு இரண்டு பேரும் வானிலையையே திரும்பத் திரும்பப் பேசினோம். கடைசியில் அவர்தான், "இத்தன நாளா உங்கள மனசுக்குள்ள வாடைக்காத்தம்மான்னுதான் கூப்பிட்டுட்டு இருந்தேன்" என்றார், நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், பிறகு சாப்பாடு தயார் என்று யாரோ கூப்பிட்டார்கள். வயதான இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்க ரயில் மாறி மாறி எவ்வளவு தூரம் போக முடியும்? போன் வசதிப்படாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு பாத்திரம் கழுவினேன், கழுவினதையே மறுபடியும் கழுவினேன்.

இதை எல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், ஒவ்வொரு ஞாயிறும் நீ கேட்கிறாய், அம்மா உனக்கு அங்கே பேச யாராவது இருக்கிறார்களா என்று. நானும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். நிறையப் பேர் இல்லை. ஒருவர் இருந்தார், அவரும் இப்போது இல்லை. இதற்காக நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம், வீட்டை விற்பது பற்றிய பேச்சையும் எடுக்காதே, நான் இன்னும் அவ்வளவுக்கு ஆகவில்லை. ஆனால் நீயும் ஒரு நாள் வந்து நின்று என்னிடம் யாரம்மா, பேரு என்ன என்று கேட்பாய். அப்போது எனக்குச் சொல்லத் தெரியாவிட்டால் இல்லை என்று முடிவு கட்டிவிடாதே. கோட்டை மாட்டிக்கொண்டு என்னோடு வந்து, நான் உட்காருகிற இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். மார்ட்டினை ஏணியில் ஏறும்போது ஜாக்கிரதையாக இருக்கச் சொல். பிப்பின் கை அளவை மறக்காமல் அனுப்பு, ஸ்வெட்டர் கை இரண்டும் அதற்காகத்தான் காத்திருக்கின்றன. வருகிற ஞாயிறும் நீ அதையே கேட்பாய், மார்ட்டினும் பிப்பும் பக்கத்தில் இருப்பார்கள், நிறையப் பேர் இருக்காங்க கண்ணு என்றுதான் என் வாயில் வரும். இன்னொரு தடவை கேள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா