துடைத்த மூடிக்குப் பச்சை விளக்கு

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இந்தத் தாளை எடுத்தேன். வாரா வாரம் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் உனக்கு நன்றி சொல்ல வாயெடுத்தால் "விடும்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய், தாளில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படி.

எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு மூன்று நிறுத்தம் தள்ளி இருக்கும் பம்பு தொழிற்சாலை உனக்கு நினைவிருக்கும். என் துறையில் படித்து முடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலை கொடுப்பது அவர்கள்தான். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அங்கிருந்து முதல்வருக்கு ஒரு கடிதம் வந்தது. இனி பாகங்களைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பது குறையும், செயற்கை நுண்ணறிவு வைத்த கேமரா பார்க்கும், அதோடு வேலை செய்யத் தெரிந்தவர்களை நீங்கள் தயார் செய்து அனுப்பினால் எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். போன வருஷம் என் துறையில் சேர்ந்தவர்களே ஏழு பேர். இதுவும் கைவிட்டுப் போனால் பாகங்களை அளந்து சோதிக்கப் பழக்கும் எங்கள் அளவைக்கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள்தான் இந்தப் பாடத்தை நடத்த வேண்டும் என்றார். நானும் பெரிதாகத் தெரிந்தவள் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இருபத்தாறு வருஷம் மைக்ரோமீட்டரும் கையுமாக நின்றவள் நான், கம்ப்யூட்டரில் மதிப்பெண் ஏற்றுவதற்கே பக்கத்து அறைக்காரரைக் கூப்பிடுகிறவள்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே விருப்ப ஓய்வு கேட்டு ஒரு தாள் எழுதிவிட்டேன். இன்னும் மூன்று வருஷம்தானே, மானத்தோடு போய்விடலாம் என்று நினைத்தேன். அதை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன், அதற்குள் அப்பா படித்துவிட்டார். உன் அப்பாவைத்தான் தெரியுமே, முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், கண்ணாடியில் பின்னால் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நேராக உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பல்கூடத் துலக்காமல் கலைந்த தலையோடு திரையில் வந்து உட்கார்ந்தாய். எனக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டாய், ஒன்றுமே தெரியாது என்றேன். அப்போது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, தெரியாதுன்னு முதல் நாளே அவங்ககிட்ட சொல்லிடு. அப்புறம் மறைக்கிறதுக்கு உங்கிட்ட எதுவும் இருக்காது, கத்துக்கிறது மட்டும்தான் இருக்கும்." எனக்குக் கோபம்தான் வந்தது. தெரியாத கேள்விக்கு நான் இத்தனை வருஷமாக வைத்திருந்த பதில் என்ன தெரியுமா, அது பாடத்திட்டத்தில் இல்லை, உட்கார் என்பதுதான். எத்தனை பேரை அப்படி உட்கார வைத்திருப்பேன். இருந்தாலும் அங்கே செயற்கை நுண்ணறிவு வேலையே பார்க்கிற நீ, எனக்காக ஒன்பது ஞாயிற்றுக்கிழமை விடாமல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய். ஒரே சந்தேகத்தை நான்கு தடவை கேட்டிருக்கிறேன், நான்கு தடவையும் முதல் தடவை கேட்பது போலவே பதில் சொன்னாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த லட்சணம் உனக்கும் மறந்திருக்காது, இரண்டாவது தடவை கேட்டாலே தலையில் ஒரு குட்டு. அதை நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிக்னல் போய்விட்டது என்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தேனே, சிக்னல் எங்கும் போகவில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவுதான்.

நீ சொன்னபடியே முதல் வகுப்பில் சொன்னேன். பத்தொன்பது பேர் இருந்தார்கள், இது எனக்கும் புதிது, உங்களோடு சேர்ந்து படிக்கிறேன் என்றேன். எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தேன், ஒருவரும் போகவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, "அப்ப நானும் தைரியமா கேக்கலாம் மேடம்" என்றார். அவருக்கு நாற்பது வயதிருக்கும், ஹோட்டலில் எட்டு வருஷம் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் மேஜையைத் துடைத்துவிட்டுத்தான் நோட்டைத் திறப்பார், வகுப்பில் அவருக்குப் பளிச்சக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள், அவரும் கூப்பிட்டால் திரும்புகிறார். வகுப்பில் கெட்டிக்காரன் ஒருவன், கம்ப்யூட்டர் அவன் சொன்னபடி கேட்கும், அவனுக்குச் சுருக்கமாகக் கணினி என்றே பெயர். உடைந்த துளையிடும் மெஷினின் தூணைக் கழற்றிக் கேமராவுக்குத் தாங்கி செய்தோம். தொழிற்சாலையிலிருந்து பம்பு மூடிகள் வாங்கினோம், உள்ளங்கை அளவு இருக்கும் அலுமினிய வார்ப்பு. நல்ல மூடிகள் பெட்டியில் சுத்தமாக வந்தன, போல்ட் துளை ஓரம் மயிரிழை விரிசல் விட்ட மூடிகளைக் கழிவுத் தொட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து, இது நல்லது இது கெட்டது என்று மெஷினுக்குக் காட்டிக் காட்டிப் பழக்கினோம். நல்லதென்றால் பச்சை விளக்கு, கெட்டதென்றால் சிவப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகச் சொன்னது. முதல்வர் தலைகால் புரியாமல் மகிழ்ந்து, தொழிற்சாலை மேலாளரை வந்து பார்க்கச் சொல்லி அழைத்துவிட்டார்.

தொழிற்சாலைக்காரர்கள் அன்று பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. பத்து மணிக்குப் பளிச்சக்கா கூடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தட்டில் இருந்த விரிசல் மூடி ஒன்றில் எண்ணெய்க் கறை காய்ந்திருப்பதைப் பார்த்து, விருந்தாளி வருகிற நேரத்தில் இப்படியா என்று கைத்துணியால் அழுத்தித் துடைத்துக் கேமராவுக்குக் கீழே வைத்திருக்கிறார். பச்சை விளக்கு எரிந்தது. என்னைக் கூப்பிட்டார். நானும் வைத்துப் பார்த்தேன், பச்சை. இன்னொரு விரிசல் மூடியைத் துடைத்து வைத்தோம், அதுவும் பச்சை. நல்ல மூடி ஒன்றில் கொஞ்சம் எண்ணெயைத் தடவி வைத்தோம், சிவப்பு. அப்போதுதான் புரிந்தது. கழிவுத் தொட்டியிலிருந்து வந்ததெல்லாம் அழுக்கு, பெட்டியில் வந்ததெல்லாம் சுத்தம், அப்படியே படம் எடுத்துவிட்டோம். பாவம், மெஷின் விரிசலைப் படிக்கவே இல்லை, அழுக்கைத்தான் படித்திருக்கிறது. கணினி மெல்ல என் பக்கத்தில் வந்து, தட்டில் மிச்சம் இருப்பதெல்லாம் துடைக்காததுதான் மேடம், அதை மட்டும் காட்டினால் ஒன்றும் தெரியாது, அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்றான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, அவன் சொல்வதற்கு முன்பே முதலில் துடைத்த அந்த மூடியை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டேன். இதை இன்னும் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

மேலாளர் இரண்டு பொறியாளர்களோடு வந்தார். அதிகம் பேசாத மனிதர், வெள்ளைக் கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். இருபது மூடி வைத்தோம், இருபதும் சரியாக வந்தது. முதல்வர் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். மேலாளர் மட்டும் தட்டவில்லை. மாணவர்கள் பக்கம் திரும்பி, இந்த மெஷின் எங்கே தப்புப் பண்ணும் என்று கேட்டார். பளிச்சக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை, நீங்கள் சொல்வதாக இருந்தால் சொல்லுங்கள் என்று காத்திருக்கும் பார்வை. என் பையில் அந்த மூடி கல் மாதிரி கனத்தது. எடுத்து வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. "இதுல விரிசல் இருக்கு சார், விரலால தடவினா தெரியும். இது விரிசலைப் பார்க்கல, எண்ணெய்க் கறையைத்தான் பார்க்குது. காலையிலதான் தெரிஞ்சது. கண்டுபிடிச்சது இவங்க. மறைச்சு வச்சது நான்" என்றேன். முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. மேலாளர் மூடியை வாங்கி நகத்தால் தடவிப் பார்த்தார். பளிச்சக்காவிடம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அவர் கூச்சத்தோடு, "அழுக்கா இருந்தா என் கை சும்மா இருக்காது சார்" என்றார். மேலாளர் சிரிக்கவும் இல்லை, டீயும் குடிக்கவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் ஒரு தகவலும் இல்லை. முதல்வர் என்னைக் கண்டால் நோட்டீஸ் பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். நீ போனில் கேட்டபோதெல்லாம் எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன், அந்தப் பொய்க்கு மன்னித்துவிடு. ஆனால் அந்தப் பதினாறு நாளைப் போல ஒரு வகுப்பு என் வாழ்நாளில் நடத்தியதில்லை. எல்லா மூடியையும் கழுவினோம், நல்லதில் பாதிக்கும் கெட்டதில் பாதிக்கும் வேண்டுமென்றே எண்ணெய் தடவினோம், மறுபடி படம் எடுத்தோம். தொண்ணூற்றேழு போய் எழுபத்தெட்டு ஆயிற்று. அதைப் பார்த்து ஒருவரும் முகம் தொங்கப்போடவில்லை, இதுதான் உண்மையான மதிப்பெண் என்று கணினியே சொன்னான். விளக்கை மேலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கலாம் என்று அவனுக்குத்தான் தோன்றியது, விரிசலில் நிழல் விழுந்து மெஷினுக்குத் தெரிய ஆரம்பித்தது, தொண்ணூற்றிரண்டுக்கு வந்தது. அது பச்சை காட்டினாலும் இருபதில் ஒன்றை எடுத்து மனிதக் கை தடவிப் பார்க்க வேண்டும் என்று அவர்களே விதி எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எங்கெங்கே ஏமாறும் என்று எழுதுவதற்கு ஒரு தனி நோட்டு போட்டார்கள், அதில் நாற்பத்தொரு பக்கம் நிறைந்துவிட்டது.

பதினேழாம் நாள் மேலாளரே என்னைக் கூப்பிட்டார். அன்று திரும்பிப் போனதும் நேராகத் தொழிற்சாலைக் கேமராவுக்குப் போய், விரிசல் மூடி ஒன்றைத் தன் கைக்குட்டையால் துடைத்து அதன் கீழே வைத்துப் பார்த்தாராம். அங்கே என்ன கண்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயிற்சிக்கு ஆறு பேர் வேண்டும், முதல் பெயர் அந்த அம்மாவுடையதாக இருக்கட்டும், அந்த நோட்டின் நகல் ஒன்றும் கொடுத்தனுப்புங்கள் என்றார். பளிச்சக்காவிடம் சொன்னபோது அவர் என் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். கணினிக்கும் இடம் கிடைத்துவிட்டது. போன திங்கட்கிழமை ஆறு பேரும் வேலைக்குப் போனார்கள். முதல்வர் இப்போது என்னைக் கண்டால் நோட்டீஸ் பலகையை விட்டுவிட்டு என்னிடமே பேசுகிறார். நான் எழுதி வைத்த ஓய்வுத் தாளைக் கிழித்தாயிற்று, இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே என்று இப்போது சந்தோஷமாக எண்ணுகிறேன். இதற்கெல்லாம் யாருக்கு நன்றி சொல்வது என்று நினைத்தால் நீ, பளிச்சக்கா, அந்த மேலாளர் என்று வரிசை நீள்கிறது, ஆனால் அந்த வரிசையில் முதலில் நிற்பவன் நீதான். பெற்ற பிள்ளையிடம் பாடம் கேட்பது எனக்கு இவ்வளவு இனிக்கும் என்று நினைக்கவே இல்லை, கண்ணா.

நேற்று அடுத்த வகுப்புக்கு வந்த விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வந்திருக்கிறது. இருபத்தெட்டாவது தாளில் கையெழுத்து எங்கேயோ பார்த்தது போல இருந்தது, வயது அறுபத்திரண்டு, முன்பு பார்த்த தொழில் பஸ் ஓட்டுநர். என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை இந்த மனிதர். எதற்காக இந்தப் பாடத்தில் சேர விரும்புகிறீர்கள் என்ற இடத்தில், "ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகன் பேசுவது எனக்கும் புரிய வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். ஒன்பது வாரமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிடும்போது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்லட்டும். ஆனால் இந்த வாரத்திலிருந்து கொஞ்சம் நிதானமாகப் பேசு, அவர் பக்கமும் பார்த்துப் பேசு.

கண் டாக்டரைப் பார்க்கிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறாய், பார்த்துவிட்டு எழுது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் பக்கத்தில் எப்போதும் நல்ல மனிதர்கள் இருக்கட்டும்.

முத்தங்களோடு,
உன்னிடம் படித்துத் தேறிய
உன் அம்மா