ரோட்டோரப் புஞ்சை

அண்ணாச்சி,

இன்று காலை பருத்திக்கொட்டையைச் சாணிக் கரைசலில் புரட்டி முற்றத்தில் காயப்போட்டேன். விரல்களில் அந்த வாடை ஏறியதுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. போதாக்குறைக்கு, பக்கத்து ஊர்க் கூட்டத்துக்காக ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று, 'தலைவர் இன்னும் சற்று நேரத்தில்...' என்று கத்திக்கொண்டு ரோட்டில் போனது. கையைக்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் புரட்டாசியிலும் உங்கள் முற்றத்தில் இதேபோல் கொட்டை காய்ந்தது. மழைக்கு முந்திப் புழுதியிலேயே விதைத்துவிட ஊரே பரபரத்துக்கொண்டிருந்தது. கட்சியின் கிளைச் செயலாளர் என்ற மிதப்பில் நான் வந்து நின்றேன். கூட்டம் போட உங்கள் ரோட்டோரப் புஞ்சைதான் வாகு என்றேன்.

"புதன்கிழமை முடிஞ்சிரும் அண்ணாச்சி. வியாழக்கிழமை நீங்க விதைச்சுக்கிடலாம்."

நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். "சரி தம்பி. அவ்வளவு பெரிய மனுசர் வாராவ, மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?"

புதன் வெள்ளியானது. வெள்ளி திங்களானது. திங்களன்று காலையிலிருந்தே சனம் வெயிலில் உட்கார்ந்திருந்தது, கைப்பிள்ளைகளின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு. 'இன்னும் சற்று நேரத்தில்' என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தவன் நான்தான். சாயங்காலம் தலைவர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கிணற்றுக்குக் கிணறு இலவச மோட்டார் என்றார். மழையை நம்பி மானம் பார்த்த நம் ஊரில் பாசனக் கிணறு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் கை தட்டினோமே! நீங்களும் தட்டினீர்கள், நான் பார்த்தேன்.

அவர் கிளப்பிய தூசி அடங்குமுன் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. ஊர்ப் புஞ்சையெல்லாம் முளைவிட, உங்களுடையது மட்டும் அத்தனை கால்கள் மிதித்த சேறாகக் கிடந்தது. நனைந்த கரிசலில் ஏர் இறங்குமா? பிந்தி விதைத்த பருத்தி, பூவெடுக்கும் நேரத்தில் ஈரமில்லாமல் கருகியது. தையில் மாடுகளை விற்றீர்கள். மாசியில் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் காவலுக்குப் போனீர்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் அங்கே வந்தேன். நிழலே இல்லாத கேட்டோரம், காக்கிச் சட்டையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஆரம்பிக்குமுன் நீங்களாகவே, "மோட்டார் வந்துட்டுதா தம்பி?" என்றீர்கள். கேலியா, நிஜமாகவே கேட்டீர்களா, இன்றுவரை விளங்கவில்லை. அந்தச் சித்திரை வெயிலில் அதே கேட்டோரம் சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்தீர்கள்.

புதன் திங்களாகத் தள்ளிப்போன அந்த ஐந்து நாள் நகரவே மாட்டேன் என்றது. அதற்கப்புறம் பத்து வருஷம் எப்படி ஓடியதென்றே தெரியவில்லை. நான் கட்சியை விட்டாயிற்று, தலையும் நரைத்தாயிற்று. நாள் ஓடுகிற வேகம் பயமாக இருக்கிறது. கேட்காத மன்னிப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

மத்தியானம் கட்சித் துண்டு போட்ட இரண்டு பேர் வந்தார்கள். கூட்டத்துக்கு என் ரோட்டோரப் புஞ்சை வேண்டுமாம்.

"விதைச்சாச்சு" என்றேன்.

பொய். கொட்டை முற்றத்தில்தான் காய்ந்துகொண்டிருந்தது. அவர்களும் அதைப் பார்த்தார்கள். அவர்கள் முகம் லேசாகச் சுண்டியது.

"சரி அண்ணாச்சி, வேற இடம் பாத்துக்கிடுதோம்" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்கு நீங்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் போயிருப்பேன், அண்ணாச்சி.